டர்பனில் கடைக்கும் மண்டபத்துக்கும் சென்சார் வைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

டர்பனில் ஒரு கோயில் மண்டபம், மூலைக்கடை, தையல் பட்டறை, தமிழ்ப் பள்ளி என்று ஏதோ ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது, கீசர் எந்நேரமும் ஓடுகிறது, ஃப்ரீசர் நின்றுபோனது மறுநாள் காலையில்தான் தெரிகிறது என்றால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இணையத்தோடு பேசும் மீட்டர், தானாக மூடிக்கொள்ளும் வால்வு, வெப்பநிலையைச் சொல்லும் சின்னப் பெட்டி எல்லாம் உம்லாங்காவின் பெரிய அலுவலகங்களுக்கு மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபம் நடத்துபவரும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. ஆனால் வாங்கி மாட்டிவிட்டு ஆறு மாதத்தில் மறந்துபோன கருவிகளும் ஊர் முழுக்க இருக்கின்றன.

ஏன் அப்படி ஆகிறது? செய்தி வருகிறது, ஆனால் யாருக்கு வருகிறது, அவர் என்ன செய்யவேண்டும் என்று யாரும் முடிவு செய்திருப்பதில்லை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் இங்கே கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம், குவாசுலு-நட்டாலில் 400 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த இரவு பால்மியட் ஆற்றங்கரையில் உள்ள க்வாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதியில், மாநகராட்சியின் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பிலிருந்து வந்த எச்சரிக்கை வாட்ஸ்அப் குழு வழியாக அங்கே வசிப்பவர்களுக்கே நேராகப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் கதவு கதவாகத் தட்டி மேட்டுக்குப் போனார்கள், வீடுகள் போயின, பல உயிர்கள் தப்பின. மழையை அளக்கும் கருவி, கணக்குப் போடும் கணினி, செய்தி அனுப்பும் ஆள், கதவைத் தட்டும் ஆள் என்று நான்கும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. உங்கள் மண்டபத்தில் வைக்கப்போகும் சின்னக் கருவிக்கும் இதே நான்கும் வேண்டும்.

முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தெரியவேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். 'கட்டடத்தை ஸ்மார்ட் ஆக்கவேண்டும்' என்பதெல்லாம் கேள்வி இல்லை. 'இரவில் யாரும் இல்லாதபோது தண்ணீர் ஓடுகிறதா?' என்பது கேள்வி. அதற்குக் கீழே, 'ஆம்' என்று பதில் வந்தால் யார் போய் என்ன செய்வார் என்று எழுதுங்கள். மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, இரவு இரண்டு மணிக்கு அவர் போனை எடுப்பாரா? இந்த வரியை நிரப்ப முடியாவிட்டால் அந்தச் சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் இதில் கறாராகத்தான் இருப்பேன், ஏனென்றால் நிர்வாகக் குழுவின் காசு பெரும்பாலும் உண்டியல் காசு.

அப்புறம் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது, மின்சாரம் பிரியும் டிபி போர்டு எங்கே, ரௌட்டர் எங்கே, சுவர் செங்கல்லா கான்கிரீட்டா, கூரை தகரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். போனைக் கையில் பிடித்தபடி நடந்து, வைஃபை எங்கே செத்துப்போகிறது என்று பாருங்கள். தண்ணீர் மீட்டர் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே மண்ணுக்குள், மூடி போட்ட குழிக்குள்தான் இருக்கும், வைஃபை அங்கே எட்டாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வைஃபை கருவி வாங்கினால் காசு வீண். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், இசிபிங்கோ, ப்ளஃப் பக்கம் எல்லாம், வெளியே வைக்கும் பெட்டி, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 அல்லது அதற்கு மேல் தரம் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். நம் ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செப்பு முனைகளைச் சீக்கிரமே தின்றுவிடும்.

எந்த வழியில் செய்தி போகும்

வைஃபை மலிவு, ரௌட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீசருக்கும் பிளக்குக்கும் போதும். வாங்கும் முன் ஒன்று: மலிவான கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும், ரௌட்டரில் அது அணைந்திருந்தால் இணையவே இணையாது. பேட்டரியில் ஓடும் கதவுச் சென்சார் மாதிரியானவற்றுக்கு ஜிக்பீ என்ற குறைந்த மின்சார வானொலி முறை நல்லது, ஆனால் அதற்கும் இணையத்துக்கும் நடுவில் ஹப் என்ற ஒரு பெட்டி வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் மீட்டர், மைதானத்தின் மறுமுனையில் இருக்கும் டேங்க், இவற்றுக்கு லோராவான் என்ற நெடுந்தூர வானொலி முறை. சிறுசிறு செய்திகளை மட்டும் அனுப்பும், நகரத்துக்குள்ளேயே சில கிலோமீட்டர் போகும், ஒரு பேட்டரி பல ஆண்டுகள் வரும். சிம் போட்ட கருவி வாங்குவதாக இருந்தால் 4ஜி வழியாகவோ, கருவிகளுக்கென்றே உள்ள மொபைல் வலையான என்பி-ஐஓடி வழியாகவோ பேசுவதையே கேட்டு வாங்குங்கள், இங்கே 2ஜி, 3ஜி வலைகளைப் படிப்படியாக மூடும் திட்டம் இருக்கிறது, 2ஜி மட்டும் தெரிந்த கருவியை இப்போது யாராவது தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் 'அங்கே மலிவாகக் கிடைக்கிறது, வரும்போது வாங்கி வாருங்கள்' என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. புடவைக்கும் பூஜைச் சாமானுக்கும் சரி. லோராவான் கருவிக்கு ஒத்துவராது. இந்தியாவில் அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் ஓடுகிறது, அமெரிக்கக் கருவி 915 பக்கம், தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பாவைப் போல 868. வேறு அலைவரிசைக்கான கருவி, செய்திகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டியான உங்கள் கேட்வேயோடு பேசாது, ஒருவேளை பேசினாலும் இங்கே அனுமதி இல்லாத இடத்தில் பேசும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

எதிலிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும் என் பதில் தண்ணீர்தான். டர்பனின் எதெக்வினி மாநகராட்சி சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதிக்கும் மேல், கசிவாலும் கணக்கில் வராத இணைப்புகளாலும், கட்டணமாகத் திரும்புவதில்லை. அது மாநகராட்சியின் பக்கம். மீட்டருக்கு உள்பக்கம் கசிந்தால் முழுவதும் உங்கள் பில்லில்தான் விழும். கணக்கைப் பாருங்கள்: ஒரு கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கிலோலிட்டருக்கு மேல். கல்யாணம் நடக்கும் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு கழிப்பறை இருக்கும்.

மாநகராட்சியின் மீட்டரில் கை வைக்கக்கூடாது, அது அவர்கள் சொத்து. அதற்கு அடுத்து, உங்கள் பைப்பில், துடிப்பு வெளியீடு உள்ள ஒரு துணை மீட்டரை பிளம்பரை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சின்னக் காந்தம் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு வரும். ஒரு துடிப்பு ஒரு லிட்டரா பத்து லிட்டரா என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பத்து லிட்டர் மீட்டர் மலிவாக இருக்கலாம், ஆனால் கழிப்பறைக் கசிவு மாதிரி மெதுவாக ஓடுவதைப் பிடிக்க ஒரு லிட்டர் மீட்டர்தான் வசதி. அந்தத் துடிப்புகளை எண்ணி அனுப்பும் லோராவான் பெட்டி தனியாகக் கிடைக்கும்.

இனி முக்கியமான பகுதி. பகலில் எவ்வளவு ஓடுகிறது என்பதை விட்டுவிடுங்கள். இரவு யாரும் இல்லாத நேரத்தில் ஓடும் அளவைப் பாருங்கள், அது பூஜ்யத்துக்கு வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது. பொதுவாக இரவு 2 முதல் 4 வரை பார்க்கச் சொல்வார்கள். ஆனால் அதிகாலை அபிஷேகத்துக்குக் குருக்கள் நான்கு மணிக்கு முன்பே குழாயைத் திறப்பார் என்றால், 1 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு, புரட்டாசி சனிக்கிழமைக்குச் சமைக்கும் இரவு, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா நாட்கள், இவற்றிலெல்லாம் இரவு முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும், எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு நாளில் எல்லோரும் அதை ம்யூட் செய்துவிடுவார்கள், பிறகு உண்மையான கசிவு வரும்போது யாரும் பார்க்கமாட்டார்கள். திருவிழா நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் போட்டு எச்சரிக்கையை நிறுத்திவையுங்கள். பொய் எச்சரிக்கையைக் குறைப்பதற்குச் செலவழிக்கும் நேரம்தான் இந்த வேலையில் மிகவும் பயனுள்ள நேரம்.

இது நம் நாட்டிலேயே செய்து பார்க்கப்பட்ட வழி. கேப் டவுனில் 2017, 2018இல் அணைகள் வற்றி, ஓர் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோது, மேற்குக் கேப் பள்ளிகளில் இப்படித் தண்ணீர் ஓட்டத்தை அவ்வப்போது அனுப்பும் மீட்டர்களைப் பொருத்தினார்கள், ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்து ஆட்கள் அதில் முன்னின்றார்கள். பள்ளி பூட்டியிருக்கும் இரவிலும் விடுமுறையிலும் ஓடிய தண்ணீர்தான் முதலில் கண்ணில் பட்டது. அதை நிறுத்தப் பெரும்பாலும் ஒரு பிளம்பரும் ஒரு வாஷரும் போதும்.

ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் இருந்த பகுதிக்காரர்களுக்கு, நீர்மட்டச் சென்சார் நல்ல முதலீடு. மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் வகை எளிது. ஆனால் தண்ணீர் ஏறக்குறைய 20, 25 சென்டிமீட்டரைவிட நெருங்கி வந்தால் அதற்குக் கண் தெரியாது, அதனால் டேங்க் நிரம்பும் மட்டத்துக்குமேல் கொஞ்சம் இடம் விட்டுப் பொருத்துங்கள். 1.8 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 25 லிட்டர், இந்தக் கணக்கை டேங்க் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

கீசரும் மின்சாரமும்

வீட்டு கீசர் பெரும்பாலும் 150 லிட்டர், 3 கிலோவாட். 20 பாகை தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் பிடிக்கும், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மண்டபத்தில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வெந்நீர் தேவை என்றால் மற்ற ஆறு நாளும் அது சூடாகவே நிற்கவேண்டியதில்லை. டைமரோடு வரும் கட்டுப்படுத்தி ஒன்று போதும். தண்ணீரை வெதுவெதுப்பாகவே நாட்கணக்கில் வைத்திருக்காதீர்கள், லீஜியனெல்லா கிருமி வளர்வது அந்தச் சூட்டில்தான், பயன்படுத்தும் முன் 60 பாகைக்கு ஏற்றிவிடுங்கள்.

சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் கீசரை ஓட்டக்கூடாது. 3 கிலோவாட், 230 வோல்ட் என்றால் 13 ஆம்பியர், மணிக்கணக்கில். பெட்டியில் 16 என்று எழுதியிருந்தாலும் மலிவான பிளக் அந்தச் சூட்டில் உருகும். டிபி போர்டில் உட்காரும் வகையை, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டி, இணக்கச் சான்றிதழை வாங்கி வையுங்கள், கட்டடத்துக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான். கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் மின்னோட்டச் சென்சாரையும் அவரையே மாட்டச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எது மின்சாரத்தைத் தின்கிறது என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ்

இவற்றுக்குள் வெப்பநிலைச் சென்சார் வைப்பது அன்னதானச் சமையலறையும் உணவுக்கடையும் கட்டாயம் செய்யவேண்டியது. குளிர்ந்த சாப்பாடு 5 பாகைக்குக் கீழே, சூடான சாப்பாடு 60க்கு மேலே. 2018இல் வந்த உணவுக்கூட விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. கதவு ஒரு நிமிடம் திறந்திருந்தாலே எச்சரிக்கை வருமாறு வைக்காதீர்கள், வெப்பநிலை அரைமணி நேரம் எல்லைக்கு வெளியே நின்றால் வரட்டும்.

கரண்ட் போனால்?

லோட் ஷெட்டிங் குறைந்திருக்கலாம், ஆனால் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் இன்னும் இருக்கின்றன. கரண்ட் போனதும் ரௌட்டர் அணைந்தால், ஃப்ரீசர் சூடாகும் சரியான நேரத்தில் சென்சாரின் வாய் மூடிக்கொள்ளும். ரௌட்டருக்கும் கேட்வேக்கும் ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள், மாட்டியபின் மெயினை அணைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் வேண்டும், கரண்ட் திரும்பி வரும்போதுதான் நிறையப் பெட்டிகள் எரிகின்றன. அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே 'இணையம் இல்லாவிட்டாலும் டைமரும் வால்வும் வேலை செய்யுமா?' என்று கேளுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி கட்டடத்துக்குள்ளேயே ஓடும் இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் உழைக்கவேண்டும், இளைஞர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், விற்றவர் கடையை மூடினாலும் உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மனிதர்களை அளப்பதில் மெதுவாகப் போங்கள்

தண்ணீரை அளப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. வேலை செய்பவர்களை அளப்பது வேறு. வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது, அதன்படி கைரேகை தனிக் கவனம் கேட்கும் தகவல். சம்மதம் இருந்தாலோ சட்டம் அனுமதிக்கும் வேறு காரணம் இருந்தாலோதான் எடுக்கலாம், எடுத்ததைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது. அட்டையை உரசினாலே வருகை பதிவாகும் என்றால் எதற்குக் கைரேகை? தையல் பட்டறையில் வேலை செய்யும் அக்காமாரின் மேசைக்குமேல் கேமரா வைத்து அவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று எண்ணுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நம் கொள்ளுத்தாத்தாக்கள் 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக ஒவ்வொரு அடியும் கண்காணிக்கப்பட்டு வாழ்ந்தவர்கள், நாம் அதே வேலையைக் கருவி வைத்துச் செய்யக்கூடாது.

எதை வைத்தாலும் அதைச் சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல், கேட்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கௌடெங் நெடுஞ்சாலைகளில் கேமரா வைத்துச் சாலைக்கட்டணம் வசூலித்த இ-டோல் வளைவுகளே சாட்சி. 2013 டிசம்பரில் தொடங்கினார்கள், பெரும்பாலானவர்கள் கட்ட மறுத்தார்கள், 2024 ஏப்ரலில் அணைக்கவேண்டி வந்தது. கேமராவும் கணினியும் நன்றாகவே வேலை செய்தன, மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

கடவுச்சொல்

பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை மாட்டிய அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு இருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. சென்சார்களுக்கு விருந்தினர் வைஃபை மாதிரி ஒரு தனி வலை கொடுங்கள், கணக்குப் புத்தகம் இருக்கும் கணினி வேறு வலையில் இருக்கட்டும். மண்டபம் எப்போது காலியாக இருக்கும் என்று சொல்லும் தகவல் திருடனுக்கும் பயன்படும் என்பதை மறக்காதீர்கள்.

கருவிக்கு வயது உண்டு

நம் ப்ரீபெய்ட் மின்மீட்டரை நினைத்துப் பாருங்கள். அதில் நாம் அடிக்கும் 20 இலக்க எண்ணுக்குள் ஒரு நேரக் கணக்கு ஒளிந்திருக்கிறது, 1993 ஜனவரி 1 முதல் ஓடும் நிமிடங்கள். அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட், அதாவது 1 கோடியே 67 லட்சம் நிமிடத்துக்குச் சற்று மேல், 2024 நவம்பர் 24இல் அது தீர்ந்தது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான மீட்டர்களில் அதற்குமுன் இரண்டு சிறப்பு எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தாகவேண்டி வந்தது, அடிக்காதவை புதிய எண்ணை ஏற்கவில்லை. முப்பது ஆண்டு தாங்கும்படி நன்றாகச் செய்த கருவிக்கே இந்த நிலை என்றால், நீங்கள் வாங்கும் மலிவுப் பெட்டிக்கு எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும், மாதச் சந்தாவை நிறுத்தினால் அது ஓடுமா, சேர்ந்த தகவலை உங்களால் எடுத்துக்கொள்ள முடியுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஒப்படைப்புத் தாள்

நிர்வாகக் குழு மாறும். அதனால் எல்லாம் ஓடத்தொடங்கியதும் ஒரு தாளில் ஒவ்வொரு கருவியும் எங்கே இருக்கிறது, எப்போது மாட்டியது, பேட்டரி வகை என்ன, எச்சரிக்கை எந்த இரண்டு பேருக்குப் போகிறது, மெயின் வால்வு எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று எழுதி, டிபி போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கருவிகளுக்கான இணையக் கணக்கு ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கவேண்டாம், மண்டபத்தின் பெயரில் ஒன்று திறங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சொல்லாமல், இரவில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு வந்து, போன் யாரிடமிருந்து எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தத் தாளில் உள்ள இரண்டு பெயர்களையும் மாற்றுங்கள்.